ஒரே தெருவில் எத்தனை ரமலான்?

நோன்பு மாதத்து மாலையில் ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டைப் பக்கம் நடப்பவர்கள், பள்ளிவாசல் வாசலில் கஞ்சித் தூக்கோடு நிற்கும் வரிசையைப் பார்த்தபடியே சுவரொட்டிகளையும் படித்துக்கொண்டு போகலாம். துணிக்கடைப் பதாகையில் ‘ரம்ஜான் தள்ளுபடி’ என்றிருக்கும். கட்சிச் சுவரொட்டியில் ‘ரமலான் வாழ்த்து’. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ‘ரமளான்’ என்றோ ‘ரமழான்’ என்றோ எழுதியிருப்பார்கள். அந்தப் பலகைக்குக் கீழே நிற்கும் இளைஞரின் செல்பேசியில் மக்காவிலிருந்து வரும் குரல் ‘ரமதான்’ என்கிறது. மாதம் ஒன்றுதான். அரபியில் அதன் மூன்றாம் மெய்க்கு எழுத்தும் ஒன்றுதான். தமிழுக்கு வரும்போது அந்த ஓர் எழுத்து ஜ, ல, ள, ழ, த என்று ஐந்தாகப் பிரிந்துவிடுகிறது.

எழுதியவர்களின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஐந்துக்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடினால் கைக்குழந்தையின் காதுக்கும், தொண்டையின் உட்சுவருக்கும், பழைய கப்பல் வழிகளுக்கும் போக வேண்டியிருக்கும். முதலில், பிள்ளைகள் குர்ஆன் ஓதக் கற்கும் மதரஸாவான மக்தபுக்குப் போகலாம்.

விடிகாலைத் தொழுகைக்குப் பிறகோ, பள்ளிக்கூடம் விட்ட பிறகோ பிள்ளைகள் மக்தபுக்கு ‘ஓதப் போகிறார்கள்’. திருவொற்றியூர் தியாகராசர் கோயிலில் தேவாரம் பாடுபவர் ஓதுவார். சற்றுத் தள்ளியிருக்கும் மதரஸாவில் பிள்ளை ஓதுவது குர்ஆன். இரண்டுக்கும் தமிழ் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. மதரஸாவில் அந்த ஓதலை ஒழுங்குபடுத்தும் கலைக்குத் தஜ்வீது என்று பெயர். எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது, எவ்வளவு நேரம் நீள்கிறது, பக்கத்து எழுத்தோடு சேரும்போது என்ன ஆகிறது என்பதெல்லாம் அதற்குள் வரும்.

அங்கே நாள்தோறும் நடக்கும் ஓர் உரையாடல் உண்டு. ஆசிரியரான ஹஜ்ரத் ‘கல்பு’ என்கிறார். பிள்ளையும் ‘கல்பு’ என்கிறது. “அப்படி இல்லடா, கல்பு.” “அதைத்தானே ஹஜ்ரத் சொன்னேன்?” பிள்ளை அடம்பிடிக்கவில்லை. அதன் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. அரபியிலோ ஒரு ‘கல்பு’ இதயம், இன்னொரு ‘கல்பு’ நாய். இதயத்தின் முதல் ஒலி நாக்கின் அடிப்பகுதி உள்நாக்கைத் தொடுவதால் பிறக்கிறது. நாயின் முதல் ஒலி நம்முடைய சாதாரண க். இரண்டு எழுத்தின் பெயரையும் தமிழில் ‘காஃப்’ என்றுதான் எழுத முடிகிறது. வசதிக்காக இங்கே ஒன்றை முன்காஃப் என்றும், உள்நாக்கில் பிறப்பதைப் பின்காஃப் என்றும் வைத்துக்கொள்வோம்.

பிள்ளைக்கு ஏன் வித்தியாசம் கேட்கவில்லை? 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவில் நடத்தி வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் கைக்குழந்தைகளை அவர்கள் சோதித்தார்கள். ஒலிபெருக்கியில் ஓர் ஒலி திரும்பத் திரும்ப வரும். அது வேறு ஒலியாக மாறும் கணத்தில் பக்கவாட்டில் ஒரு பொம்மை ஒளிர்ந்து ஆடும். ஒலி மாறியதைக் கேட்ட குழந்தை, பொம்மையை எதிர்பார்த்துத் தலையைத் திருப்பும். கேட்காத குழந்தை திரும்பாது. பேசத் தெரியாத குழந்தையிடம் கேள்வி கேட்க இதைவிட நேர்த்தியான வழி இல்லை.

அவர்கள் எடுத்துக்கொண்ட ஒலிகளில் ஒரு சோடி இந்தியின் ட, த. இன்னொன்று கனடாவின் மேற்குக் கரையை அடுத்த பூர்வகுடி மொழி ஒன்றின் முன்க், பின்க். மக்தபில் பிள்ளையைத் திணற வைக்கும் இடவேறுபாடு அப்படியே இதுதான். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு சோடிகளையும் பிரித்தறிந்து தலையைத் திருப்பினார்கள். பத்து, பன்னிரண்டு மாதம் ஆனபோது திருப்பியவர்கள் மிகச் சிலர். ஆனால் அந்தந்த மொழியைக் கேட்டு வளரும் குழந்தைகள் அதே வயதில் தடுமாறவில்லை.

காசிமேட்டு மீன் ஏலத்துக்கு வெளியூர்க்காரர் ஒருவர் முதல்முறை போனால் அவருக்குக் கூடையில் இருப்பதெல்லாம் ‘சின்ன மீன்’தான். அங்கே வளர்ந்தவருக்கு நெத்திலி வேறு, காரப்பொடி வேறு, சுதும்பு வேறு. வெளியூர்க்காரரின் கண்ணில் கோளாறு இல்லை. அந்த வேறுபாடு அவர் வாழ்க்கையில் இதுவரை தேவைப்படவில்லை. மூளையும் ஒலிகளை இப்படித்தான் கையாள்கிறது. தாய்மொழியில் பொருளை மாற்றாத வேறுபாடுகளை முதல் பிறந்தநாளுக்குள்ளேயே ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. ‘பட்டு’, ‘பத்து’ இரண்டையும் பிரிக்கத் தமிழ்க் குழந்தைக்கு வேண்டியிருக்கிறது, அதனால் அந்தத் திறன் நிலைக்கிறது. முன்காஃபையும் பின்காஃபையும் பிரிக்க வேண்டிய தேவை தமிழில் இல்லை.

ஆகவே மக்தபில் பிள்ளை தவறும்போது அதை நாக்கின் குறையாக மட்டும் பார்ப்பது பாதி நோயறிதல்தான். நாக்கைத் திருத்துமுன் காதைத் திறக்க வேண்டும்.

நாக்கைப் பற்றிய அறிவு இந்தக் கலையில் 1,200 ஆண்டுப் பழமை உடையது. எட்டாம் நூற்றாண்டில், இன்றைய இராக்கில் இருக்கும் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், அரபியின் முதல் அகராதியைத் திட்டமிட்டவர். அதை அவர் அகர வரிசையில் அடுக்கவில்லை. தொண்டையின் ஆழத்தில் தொடங்கி உதடு வரை, எழுத்துகள் பிறக்கும் இடத்தின் வரிசையில் அடுக்கினார். முதலில் நிற்பது ‘ஐன்’ என்ற தொண்டை எழுத்து; நூலின் பெயரே அதுதான். ஓர் எழுத்து எங்கே பிறக்கிறது என்று அறிய அவர் கையாண்டதாகச் சொல்லப்படும் உத்தி மிக எளிது. எழுத்தைத் தனியே சொல்லாமல், முன்னால் ஓர் ‘அ’ சேர்த்து, எழுத்தை மெய்யாக நிறுத்திச் சொல்ல வேண்டும்: அப், அத், அக். நாக்கு எங்கே போய் முட்டி நிற்கிறதோ அதுவே பிறப்பிடம். இன்றும் தஜ்வீது ஆசிரியர்கள் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆய்வுக்கூடம், கருவி ஒன்றும் வேண்டாம்.

அவருடைய மாணவர் சீபவைஹி பாரசீக மரபினர். அரபிப் பிறப்பிடங்களை அவர் 16 என்று எண்ணினார். டமாஸ்கசில் பிறந்த இப்னுல் ஜஸரி (1350–1429) அதை 17 என்று கொண்டார். கூடுதலான அந்த ஒன்று, நெடில்கள் பிறக்கும் வாயின் வெற்றிடம். இடையில் மருத்துவர் இப்னு சீனா குரல்வளையின் குருத்தெலும்புகளை விவரித்து, எழுத்துகள் உருவாகும் காரணம் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

தமிழ் வாசகருக்கு இந்த அணுகுமுறை புதிதல்ல. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தாவதை அது விளக்குகிறது. தஜ்வீதில் ‘மக்ரஜ்’ என்று சொல்வது இந்தப் பிறப்பிடத்தைத்தான். நேர அளவையிலும் இரண்டு மரபும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று. மாத்திரைக்கு அளவு கண்ணிமைப்பும் கைந்நொடியும். தஜ்வீதில் குறிலுக்கு ஓர் அளவு, இயல்பான நெடிலுக்கு இரண்டு, சில இடங்களில் நான்கு, ஐந்து, ஆறு வரை. பிள்ளைகளுக்கு அதைக் கற்பிக்கும் ஹஜ்ரத் ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டுகிறார்.

எழுத்துகள் சேரும்போது நடப்பதும் தமிழருக்குப் பழக்கமானதே. நின்ற ‘ன்’ என்ற ஒலிக்குப் பின் ‘ப’ வகை ஒலி வந்தால் அதை ‘ம்’ ஆக்கி ஓத வேண்டும் என்பது தஜ்வீதின் ஒரு விதி. ‘ஒன்பது’ என்று எழுதிவிட்டு எண்ணூர் பேருந்தில் ‘ஒம்பது ரூபா’ என்று சொல்லும் யாருக்கும் இந்த விதியை விளக்கத் தேவையில்லை. உதடு மூடப்போகிறது என்று தெரிந்ததும் மூக்கொலி முன்கூட்டியே உதட்டுக்குப் போய்விடுகிறது. அவ்வளவுதான்.

இன்னும் சில அரபி ஒலிகள் தமிழ் வாயில் ஏற்கெனவே ஒளிந்திருக்கின்றன. உமறுப்புலவரின் சீறாப்புராணம் நபியின் பெயரை ‘முகம்மது’ என்று எழுதுகிறது. ஹ என்ற ஒலிக்கு க எழுதியது ஏன்? தமிழில் க, சொல்லுக்கு முதலிலும் இரட்டித்தும் வரும்போது வல்லோசை. இரண்டு உயிருக்கு நடுவே அது தேய்ந்து கிட்டத்தட்ட ஹ ஆகிவிடுகிறது. ‘மகன்’ என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். ஆகவே ‘முகம்மது’ பிழையான எழுத்துப் பெயர்ப்பு அல்ல. தமிழின் ஒலி விதியை நன்கு அறிந்தவர் செய்த வேலை.

‘அது’, ‘கதை’ என்ற சொற்களில் வரும் த-வும் இப்படித்தான். வேகமாகப் பேசும்போது நாக்கு பல்லை அழுத்தி மூடுவதில்லை. உரசிக்கொண்டு காற்று கசிகிறது. அரபியின் ‘தால்’ என்ற மெல்லிய உரசொலிக்கு அது மிக அருகில் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளையிடம் அந்த ஒலி இல்லை என்று சொல்லக் கூடாது. சொல்லின் நடுவில் தானாக வருவதைச் சொல்லின் தொடக்கத்தில் வேண்டுமென்றே வைக்கத் தெரியவில்லை, அதுதான் சிக்கல். “அது என்று சொல், இப்போது அ-வை விட்டுவிடு” என்று தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

பின்காஃபுக்கும் அப்படி ஒரு வாசல் உண்டு. ‘கிளி’ என்று சொல்லத் தொடங்கி க்-இல் நிறுத்துங்கள். பிறகு ‘கூடை’ என்று தொடங்கி நிறுத்துங்கள். இரண்டாவதில் நாக்கு சற்றுப் பின்னால் தொடுவது தெரியும். அதே திசையில் இன்னும் பின்னே, தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்பளிக்கும் இடத்துக்குப் போனால் பின்காஃபின் பிறப்பிடம் வந்துவிடும்.

தொண்டை எழுத்துகளில் இந்தச் சலுகை கிடையாது. கண்ணாடியைத் துடைக்க ஊதும் ‘ஹா’ சாதாரண ஹ. அரபியில் இன்னொரு ஹ உண்டு. அதே காற்றைத் தொண்டைக் குழியின் நடுவில் நெருக்கி விடுவதால் வருவது. அதே இடத்தில் குரல் சேர்த்தால் ‘ஐன்’. மூக்கு வழியாக மெல்லிய ஒளியிழைக் கருவியை இறக்கிப் பார்த்த ஆய்வுகளில், இந்த ஒலிகளின்போது நாவின் அடிவேரும் குரல்வளை மூடியும் பின்சுவரை நோக்கிச் சாய்வது தெரிந்தது. தொண்டையின் நடுப்பகுதி என்று எட்டாம் நூற்றாண்டில் சீபவைஹி காதையும் நாவையும் நம்பிச் சொன்னதைக் கருவி உறுதி செய்தது. தமிழில் அந்தத் தசைகளைப் பேச்சுக்குப் பயன்படுத்துவதே இல்லை. அதனால் ‘அலீம்’ என்ற சொல் நம் வாயில் இரண்டு பொருளையும் ஒன்றாக்கிவிடுகிறது: ஐன் போட்டால் யாவும் அறிந்தவன், போடாவிட்டால் வேதனை தருவது. இரண்டும் குர்ஆனில் வரும் சொற்கள்.

அடுத்தது கனத்த எழுத்துகள். அரபியில் த-வுக்கு ஒரு கனத்த இணை, ஸ-வுக்கு ஒரு கனத்த இணை என்று இருக்கின்றன. மெல்லிய த-வில் ‘தீன்’ அத்திப்பழம், கனத்த த-வில் களிமண். மெல்லிய ஸ-வில் ‘ஸைஃப்’ வாள், கனத்த ஸ-வில் கோடைக்காலம். கனம் என்றால் என்ன? சத்தத்தைக் கூட்டுவது என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டு கத்துகிறார்கள். தெருமுனையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நிற்கும் எவருக்கும் விடை தெரியும். காலிக் குடத்தில் தண்ணீர் விழத் தொடங்கும்போது ஓசை தாழ்ந்து கேட்கும். நிரம்ப நிரம்ப உச்சத்துக்கு ஏறும். உள்ளே அதிரும் காற்றின் இடம் சுருங்குவதே காரணம். கனத்த எழுத்தில் இதற்குத் தலைகீழ். நாக்கு நுனி பல்லருகே இருக்க, பின்நாக்கு தொண்டையை நோக்கி இழுபடுகிறது. நாக்கின் நடு பள்ளமாகிறது. வாயின் முன்னறை பெரிதாகிறது. குடம் காலியானதுபோல அதன் ஒத்ததிர்வு தாழ்கிறது. ஒலியைப் படமாக வரையும் கணினி நிரலில் பார்த்தால் பக்கத்திலுள்ள உயிரெழுத்தின் இரண்டாவது பட்டை கீழே இறங்கியிருக்கும். ஆம்ஸ்டர்டாமில் உருவான பிராட் என்ற நிரல் இலவசம். மதரஸாவில் ஒரு மடிக்கணினி இருந்தால் பிள்ளை தன் ‘தீன்’ எந்தத் தீன் என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இனி ரமலானுக்குத் திரும்பலாம். அந்த ஒரே எழுத்தும் ஒரு கனத்த எழுத்துதான். தமிழ்நாட்டின் பழைய ஓதலில் அதன் பெயர் ‘ளாத்’. இன்றைய அரபு ஓதுநர்கள் அதைக் கனத்த, குரலுள்ள ‘த்’ போன்ற ஒலியாகச் சொல்கிறார்கள். ‘ரமதான்’ அப்படி வந்தது. பாரசீகம் அதை இஸட் ஒலியாக ஏற்று, உருதுவுக்குக் கொடுத்தது. இஸட் தமிழில் இல்லாததால் ‘ரம்ஜான்’. வடசென்னையில் உருது பேசும் வீடுகளும் தமிழ் பேசும் வீடுகளும் சுவரோடு சுவராக இருக்கின்றன. ஒரு வீட்டில் தொழுமுன் கை கால் கழுவுவது ‘வுஜூ’, கடமை ‘ஃபர்ஜ்’. அடுத்த வீட்டில் ‘ஒளு’, ‘பர்ளு’. இந்த ல-வும் ள-வும் எங்கிருந்து வந்தன?

பலரும் நினைப்பது, தமிழர் நாக்கு திரும்பவில்லை என்று. சான்றுகள் வேறு சொல்கின்றன. சீபவைஹி இந்த எழுத்தின் பிறப்பிடத்தை விவரிக்கும்போது நாக்கின் பக்க ஓரமும் அதையடுத்த கடைவாய்ப் பற்களும் என்கிறார். நாக்கின் பக்கவாட்டில் காற்று வழிவது ல, ள வகை ஒலிகளின் குணம், மருங்கொலி என்பார்கள். ஸ்பானிய மொழியில் நகரத் தலைவருக்கு ‘அல்கால்தே’ என்று பெயர். அரபியின் ‘அல் காளீ’, அதாவது நீதிபதி, ஸ்பெயினில் அரபியர் ஆண்ட நாளில் அப்படி நுழைந்தது. தமிழ்நாட்டில் ‘காஜி’ என்கிறோமே, அதே சொல். அந்த எழுத்தின் இடத்தில் ஸ்பானியர் காதில் ஒரு ‘ல்’ விழுந்திருக்கிறது. மலாய் மொழியில் தேவை என்பதற்குப் ‘பெர்லு’ என்பார்கள். நம் பர்ளுவின் உடன்பிறப்பு. இன்னும் பின்னே போனால், கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரிய அரசன் எசர்ஹத்தோனின் ஆவணங்கள், ‘ருளா’ என்ற அரபுத் தெய்வத்தின் பெயரை ‘ருல்தாயு’ என்று எழுதியிருக்கின்றன. மூன்று தொலைதூர நாடுகள், ஒருவரையொருவர் அறியாத எழுத்தர்கள், எல்லோர் காதிலும் ஒரு ல். ஏமன், ஓமன் பகுதிகளில் பேசப்படும் மெஹ்ரி, சொகோத்ரா தீவின் மொழி ஆகியவற்றில் இத்தகைய மருங்கொலிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

தமிழ்க் கரைக்கும் கேரளக் கரைக்கும் மலாய்த் தீவுகளுக்கும் அரபிச் சொற்கள் பாரசீகம் சுற்றி நிலவழியே மட்டும் வரவில்லை. தென் அரேபியத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் நேராகவும் வந்தன. கேரளத்திலும் ‘றமளான்’ என்று எழுதுவதுண்டு. தமிழை அரபி எழுத்தில் எழுதிய அர்வி என்னும் அரபுத்தமிழில், தமிழின் ள, ழ வகை ஒலிக்கு எழுத்து தேவைப்பட்டபோது, முன்னோர் தேர்ந்தெடுத்தது இந்த ளாத்தைத்தான். அதன் அடியில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார்கள். இரண்டும் நெருங்கிய ஒலிகள் என்று கருதியவர்களே அப்படிச் செய்திருக்க முடியும். நிலவழிச் சொற்களும் அதே வாயில் கலந்திருப்பது இன்னொரு சுவை. ‘ஒளு செய்துவிட்டு ஹஜ்ரத்திடம் போ’ என்று ஒரு தாய் சொன்னால், ஒளுவில் ஒருமுறை, ஹஜ்ரத்தில் ஒருமுறை, ஒரே அரபி எழுத்து இரண்டு வழியாக வந்து ஒரே வாக்கியத்தில் சந்திக்கிறது.

தமிழ் ள, பழைய ளாத்துக்கு அச்சு அசலான நகல் அல்ல. கனம் அதில் இல்லை, நாக்கு நுனியும் வேறு இடத்தில் மடிகிறது. ஓதலில் எந்த ஒலியைக் கொள்வது என்பதை ஆசிரியர்வழித் தொடரும் ஓதல் மரபு முடிவு செய்யும். ஆனால் பாட்டியின் ‘ஒளு’வைக் கேட்டுப் பேரப்பிள்ளைகள் திருத்துவதும் சிரிப்பதும் அநியாயம். இன்றைய ஓதுநர்கள் கைவிட்ட ஒரு பழைய குணத்தை அந்தச் சொல் தாங்கி நிற்கிறது. தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு இது புரியாமல் போகாது. தொண்டியிலிருந்து வந்ததால் தொண்டியார் என்று அழைக்கப்பட்ட குணங்குடி மஸ்தான் சாகிபுவின் நினைவாகவே அவர்கள் ஊர்ப் பெயர் அமைந்து, பின்னர் வாய்வழக்கில் உருமாறியது என்பார்கள்.

வளர்ந்த பிறகு காதைத் திறக்க முடியுமா? முடியும். ர, ல வேறுபாடு கேட்காத ஜப்பானியர்களை வைத்து இந்தியானா பல்கலைக்கழகத்தின் டேவிட் பிஸோனி குழுவினர் 1990களில் தொடர்ந்து சோதனை செய்தார்கள். சோடிச் சொற்களைக் கேட்டு எது என்று சொல்ல வேண்டும். சரியா தவறா என்று உடனே தெரிவிக்கப்படும். பல குரல்களில் கேட்டவர்கள் புதியவர் பேசியபோதும் பிரித்தறிந்தார்கள். ஒரே குரலில் பழகியவர்களுக்கு அந்தப் பழக்கம் புதிய குரலுக்குச் சரியாகக் கைகொடுக்கவில்லை. 1997இல் வந்த தொடர் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: உச்சரிப்பில் எந்தப் பயிற்சியும் தராமல், கேட்கும் பயிற்சி மட்டும் பெற்றவர்களின் உச்சரிப்பும் மேம்பட்டிருந்தது.

நேருக்கு நேர் அமர்ந்து, ஆசிரியர் வாயைப் பார்த்து ஓதும் பழைய முறைக்கு மாற்றில்லை. உடனடித் திருத்தம் அங்கேதான் கிடைக்கிறது. அதோடு பல குரல்களையும் சேர்க்கலாம். எகிப்தின் மஹ்மூத் கலீல் அல் ஹுஸரி 1961இல் குர்ஆன் முழுவதையும் நிதானமான ஓதலில் முதன்முதலாகப் பதிவு செய்தார். அதன் பிறகு எத்தனையோ ஓதுநர்களின் பதிவுகள் செல்பேசியில் கிடைக்கின்றன.

மக்தப் நடத்தும் ஹஜ்ரத்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையைச் சொல்லச் சொல்வதற்கு முன், இரண்டு ‘கல்பு’களையும் நாலைந்து குரல்களில் மாற்றி மாற்றிக் கேட்கவிட்டு, எது இதயம், எது நாய் என்று கைதூக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் போதும், மாற்றம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பேரப்பிள்ளைகளுக்கு இன்னொரு வேண்டுகோள்: பாட்டி ஒளு, பர்ளு, ரமளான் என்று சொல்லும்போது திருத்தாதீர்கள், செல்பேசியில் பதிந்து, பெயரும் ஊரும் வருடமும் எழுதி வையுங்கள்.